ஆண்டைக்குக் கொடுத்தார்கள், அடிமைக்குக் கொடுக்கவில்லை

அடிமை முறைக்கு இழப்பீடு வேண்டும் என்ற குரல் அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் எழும்போதெல்லாம் அதன் எதிரொலி நம் பத்திரிகைகளிலும் கேட்கிறது. கூடவே சில தவறான நம்பிக்கைகளும் வந்து சேர்ந்துவிடுகின்றன. பெரும்பாலானவை எதிர்ப்பவர்களிடம் இருக்கின்றன. ஆதரிப்பவர்களிடமும் ஒன்றிரண்டு உண்டு. இரண்டையும் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: இது அண்மையில் பல்கலைக்கழகங்களில் கிளம்பிய கோரிக்கை

1865 ஆகஸ்டில் ஜோர்டன் ஆண்டர்சன் என்பவர் ஒரு கடிதத்துக்குப் பதில் சொன்னார். டென்னசி மாநிலத்தில் அடிமையாக இருந்து விடுதலை பெற்று, மனைவி மக்களோடு ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் குடியேறியிருந்தவர் அவர். திரும்பி வந்து வேலை செய் என்று பழைய எஜமான் எழுதியிருந்தார். முதலில் பழைய பாக்கியைத் தீருங்கள் என்றார் ஜோர்டன். அவர் உழைத்தது 32 ஆண்டு, மாதம் 25 டாலர் வீதம். மனைவி மேண்டி உழைத்தது 20 ஆண்டு, வாரம் 2 டாலர் வீதம். ஆக மொத்தம் 11,680 டாலர். பிடித்துவைத்திருந்த காலத்துக்கு வட்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; எங்களுக்குத் தந்த துணிமணி, எனக்காக டாக்டர் மூன்று தடவை வந்தது, மேண்டிக்கு ஒரு பல் பிடுங்கியது ஆகிய செலவைக் கழித்துக்கொள்ளுங்கள்; மீதியை அனுப்புங்கள் என்று கணக்குப் போட்டிருந்தார். பல் பிடுங்கிய செலவைக்கூட விட்டுவிடாத நேர்மையான கணக்கு அது. அந்த மாதமே கடிதம் செய்தித்தாள்களில் அச்சானது. பணம் வரவில்லை.

அவருக்கும் எண்பது ஆண்டு முன்னால், 1783-இல், மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தில் பெலிண்டா என்ற முதியவள் மனுக் கொடுத்தாள். ஐம்பது ஆண்டு உழைப்பை உறிஞ்சிக்கொண்ட எஜமானின் சொத்திலிருந்து தனக்கு ஓய்வூதியம் வேண்டும் என்று கேட்டாள். ஆண்டுக்கு 15 பவுண்டு 12 ஷில்லிங் என்று உத்தரவானது. அதுவும் ஒழுங்காக வராததால் மறுபடி மறுபடி மனுப் போட வேண்டியிருந்தது. 1890-களின் இறுதியில் நாஷ்வில் நகரத்தில் துணி வெளுத்துப் பிழைத்த விதவை கேலி ஹவுஸ், முன்னாள் அடிமைகளுக்கு ஓய்வூதியம் கேட்டு நாடு தழுவிய சங்கம் கட்டினார். அரசு அவர் மீது தபால் மோசடி வழக்குப் போட்டு 1917-இல் சிறைக்கு அனுப்பியது. கோரிக்கை எவ்வளவு பழையதோ, அதை ஒடுக்கிய வரலாறும் அவ்வளவு பழையது.

நம்பிக்கை: அடிமை முறைக்கு இழப்பீடு கொடுப்பது நடைமுறையில் நடக்காது, எந்த அரசும் கொடுத்ததில்லை

கொடுத்திருக்கிறார்கள். தயங்காமல், கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. இந்த விவாதத்தில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான்.

பிரிட்டன் 1833-இல் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியது. அதே சட்டம் 'சொத்தை இழக்கும்' உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் அது. கணிசமான பகுதிக்கு ராத்ஸ்சைல்ட் வங்கிக் குழுவிடம் கடன் வாங்கினார்கள். சுமார் 8 லட்சம் மனிதர்களுக்கு விலை போடுவது கடினம் என்று யாரும் கைவிரிக்கவில்லை. அச்சடித்த படிவங்கள் தயாராயின. மேஸ்திரி, கைவினைஞர், வயல் வேலையாள், வீட்டு வேலையாள், ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை, முதுமையாலோ நோயாலோ உழைக்க முடியாதவர் என்று பத்திகள் பிரித்து, ஒவ்வொரு பத்திக்கும் காலனிக்கு ஒரு விலை என்று கணக்கிட்டார்கள். பிற்காலத்தில் நான்கு முறை பிரதமராக இருந்த கிளாட்ஸ்டனின் தந்தை ஜான் கிளாட்ஸ்டனுக்கு 2,500-க்கும் மேற்பட்டவர்களுக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. விடுவிக்கப்பட்டவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. போதாக்குறைக்கு, 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் அதே எஜமானிடம் கூலியில்லாமல் மேலும் சில ஆண்டு வேலை செய்யவேண்டும் என்றது சட்டம். அந்த ஏற்பாடு 1838-இல்தான் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில், கயானாவில் இருந்த தம் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் வரவழைத்தவர்களில் முதன்மையானவர் இந்த ஜான் கிளாட்ஸ்டன்.

அந்தக் கடன் பின்னாளில் வேறு அரசுப் பத்திரங்களோடு சேர்க்கப்பட்டு, கடைசியாகத் தீர்ந்தது 2015-இல். அதுவரை பிரிட்டனில் வரி கட்டிய அத்தனை பேரும் அதைச் சுமந்திருக்கிறார்கள். ஜமைக்காவிலிருந்து வந்து லண்டனில் பேருந்து ஓட்டியவரும், அடிமைகளின் பேரப்பிள்ளைகளும், போருக்குத் தப்பிப் போன ஈழத்தமிழரும் அதில் அடக்கம். பழைய பாவத்துக்கு இன்றைய வரிப்பணமா என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1833-ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் பொருந்தாது என்று அதன் 64-ஆம் பிரிவே சொல்லியது. கம்பெனி ஆட்சியில் அடிமை உடைமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்ற சட்டம் 1843-இல்தான் வந்தது. தலைமுறை தலைமுறையாக வயலோடு சேர்த்துக் கைமாற்றப்பட்டு வந்த நம் பண்ணையாட்களுக்கு அந்தச் சட்டத்தில் நிலமும் இல்லை, பணமும் இல்லை.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலும் இதே கதைதான். 1862 ஏப்ரல் 16-ஆம் தேதி லிங்கன் கையெழுத்திட்ட சட்டப்படி, அரசுக்கு விசுவாசமான உடைமையாளர்களுக்கு அடிமை ஒருவருக்கு 300 டாலர் வரை தரப்பட்டது. மதிப்புப் போட பால்டிமோரிலிருந்து ஓர் அடிமை வியாபாரியை வரவழைத்தார்கள். விடுதலையானவர்களுக்கும் 100 டாலர் வரை உண்டு, நாட்டைவிட்டு ஹெய்ட்டிக்கோ லைபீரியாவுக்கோ போய்விடச் சம்மதித்தால்.

ஹெய்ட்டிக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. தாமே போராடிப் பிரெஞ்சுப் படையை முறியடித்து 1804-இல் சுதந்திர நாடு கண்டவர்கள் அந்த மக்கள். 1825-இல் பிரெஞ்சு மன்னன் பத்தாம் சார்லஸ் 14 போர்க்கப்பல்களைத் துறைமுகத்துக்கு அனுப்பி, உங்களை நாடாக ஏற்கவேண்டுமானால் பழைய தோட்ட முதலாளிகளுக்கு 15 கோடி பிராங்க் கொடுங்கள் என்றான். பிறகு 9 கோடியாகக் குறைத்தார்கள். முதல் தவணைக்கே பிரான்சு வங்கிகளில்தான் கடன் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கடன்களின் கடைசித் தவணை முடிந்தது 1947-இல். பள்ளியும் சாலையும் மருத்துவமனையும் ஆகியிருக்க வேண்டிய பணம் நூற்றிருபது ஆண்டு பாரிஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2003-இல் அதிபர் அரிஸ்டீட் 2,100 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கேட்டார். 2025 ஏப்ரலில், சரியாக இருநூறு ஆண்டு கழித்து, பிரான்சு அதிபர் மக்ரோன் இதை ஆராய வரலாற்றாசிரியர்களின் கூட்டுக்குழு அமைப்பதாக அறிவித்தார்.

நம்பிக்கை: 'நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்' தருவதாகச் சட்டம் இயற்றி அமெரிக்கா ஏமாற்றியது

இது ஆதரவாளர்கள் செய்யும் பிழை. அப்படி ஒரு சட்டம் இயற்றப்படவில்லை. அது அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஜெனரல் ஷெர்மன் 1865 ஜனவரி 16-ஆம் தேதி போட்ட போர்க்கள ஆணை. நான்கு நாள் முன்பு சவானா நகரில் அவர் இருபது கறுப்பினத் தலைவர்களைச் சந்தித்தார். அவர்கள் சார்பில் பேசியவர் 67 வயதுப் போதகர் கேரிசன் ஃப்ரேசியர், தன்னையும் மனைவியையும் ஆயிரம் டாலர் கொடுத்துத் தானே மீட்டுக்கொண்டவர். எங்களுக்கு நிலம் வேண்டும், அதை நாங்களே உழுது பிழைத்துக்கொள்வோம் என்றார். கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கும் ஆணை அதையடுத்து வந்தது. கோவேறு கழுதை அதில் எங்கும் இல்லை. சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். லிங்கன் கொலையுண்டபின் பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அந்த ஆண்டு முடிவதற்குள் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பித் தர உத்தரவிட்டார். பயிரிட்டவர்களை வெளியேற்றினார்கள். நடந்ததே இவ்வளவு கொடியதாக இருக்கும்போது மிகைப்படுத்த வேண்டிய தேவை இல்லை. பிழையான ஒரு வாக்கியம் எதிர்த்தரப்புக்கு இனாமாகக் கிடைக்கும் ஆயுதம்.

நம்பிக்கை: எல்லாம் 150 ஆண்டுப் பழங்கதை; செய்தவரும் இல்லை, பட்டவரும் இல்லை

2019-இல் அமெரிக்க செனட்டின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல் சொன்ன காரணமும் ஏறக்குறைய இதுவே. இதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

இழப்பீடு கேட்பது தனி மனிதர்களிடம் அல்ல, அரசுகளிடமும் நிறுவனங்களிடமும். ஆட்கள் மாறினாலும் அரசு தொடர்கிறது. நூறாண்டுக்கு முந்தைய ஒப்பந்தத்தையும் கடன் பத்திரத்தையும் அது மதிக்கிறது. அப்பன் சொத்து வேண்டும், அப்பன் கடன் வேண்டாம் என்று பங்காளிகளில் எவனாவது சொன்னால் நம் ஊர்ப் பஞ்சாயத்து ஒப்புமா?

இரண்டாவது பதில் முக்கியமானது. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த 1865-இல் அநீதி நிற்கவில்லை. தென் மாநிலங்களில் இன ஒதுக்கல் சட்டங்கள் 1960-கள் வரை நீடித்தன. 1930-களிலிருந்து அரசே நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பால் குறித்து, அங்கே வீட்டுக்கடன் ஆபத்து என்று முத்திரை குத்தியது. இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்டுத் திரும்பிய வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு கடன் தரும் திட்டம் வந்தது. மிசிசிப்பியின் 13 நகரங்களில் எடுத்த கணக்குப்படி அப்படிக் கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை இரண்டு. அந்தக் காலத்தில் வாங்கிய வீடுகள்தாம் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பாகவும் பேரப்பிள்ளைகளின் முதலீடாகவும் மாறின. அமெரிக்க மத்திய வங்கியின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வெள்ளையினக் குடும்பங்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு அது சுமார் 45,000. இதைப் பட்டவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள்.

யாருக்குத் தகுதி என்பது உண்மையிலேயே கடினமான கேள்வி, அதை மறைக்கவேண்டியதில்லை. கலிஃபோர்னியா மாநிலம் அமைத்த பணிக்குழு அமெரிக்காவில் அடிமைப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே வாழ்ந்த சுதந்திரக் கறுப்பினத்தவரின் வழித்தோன்றல்கள் என்று வரையறுத்தது. அண்மையில் குடியேறிய ஆப்பிரிக்கர்கள் அதில் வரமாட்டார்கள். இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரம் எல்லையை இன்னும் சுருக்கிக்கொண்டது. 1919 முதல் 1969 வரை அந்த ஊரில் வசித்த கறுப்பினத்தவருக்கும் அவர்களின் நேர் வாரிசுகளுக்கும், கஞ்சா விற்பனை வரியிலிருந்து தலா 25,000 டாலர் வீட்டு உதவி. அதாவது குறிப்பிட்ட ஊர், குறிப்பிட்ட காலம், குறிப்பிட்ட அநீதி. இரண்டாம் உலகப்போரில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு மன்னிப்போடு தலா 20,000 டாலர் தர 1988-இல் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ரீகன். அவரை யாரும் இடதுசாரி என்று சொல்லிவிட முடியாது.

நம்பிக்கை: ஆப்பிரிக்கர்களே ஆப்பிரிக்கர்களை விற்றார்கள்

விற்ற அரசர்களும் தரகர்களும் இருந்தார்கள், உண்மை. பெனின் நாட்டு அதிபர் கெரெக்கூ 1999-இல் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். திருட்டுப் பொருளை விற்றவன் ஒருவன் இருந்தான் என்பதால், வாங்கி இருநூறு ஆண்டு அனுபவித்தவன் பொறுப்பிலிருந்து விடுபடமாட்டான்.

நம்பிக்கை: பணத்தால் எதுவும் மாறாது

கரீபிய நாடுகளின் கூட்டமைப்பு 2014-இல் வெளியிட்ட பத்து அம்சத் திட்டத்தில் முறையான மன்னிப்பு, பொதுச் சுகாதாரம், எழுத்தறிவு, தொழில்நுட்பப் பகிர்வு, கடன் ரத்து என்று கோரிக்கைகள் விரிகின்றன. ஆளுக்கொரு காசோலை என்று சுருக்கிச் சொல்வது அதைப் படிக்காதவர்கள் பேச்சு. பணம் மாற்றும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஹென்ரியட்டா உட் சின்சினாட்டியில் சட்டப்படி விடுதலை பெற்றவர். 1853-இல் அவரைக் கடத்தி மீண்டும் அடிமையாக விற்றார்கள். மிசிசிப்பி பருத்திக் காட்டில் கிடந்து, உள்நாட்டுப் போருக்குப் பின் திரும்பி வந்து, கடத்தியவன் மீது 1870-இல் வழக்குத் தொடுத்தார். கேட்டது 20,000 டாலர். எட்டு ஆண்டு கழித்து, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 2,500 டாலர் தரச் சொன்னது. அடிமை முறைக்காக அமெரிக்க நீதிமன்றம் ஒன்று வழங்கியதாக அறியப்பட்ட தொகைகளில் இதுவே பெரியது. அவருடைய மகன் ஆர்தர் சிம்ஸ் சிகாகோவில் சட்டம் படித்து, வழக்கறிஞராகி, சொந்த வீட்டில் வாழ்ந்து, 1951 வரை இருந்தார். ஒரே தலைமுறையில் ஒரு குடும்பம் அந்த அளவுக்கு எழுந்தது.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் இப்போதைய கோரிக்கை பணம்கூட இல்லை. அடிமை முறையையும் அதன் விளைவுகளையும் ஆராய்ந்து பரிந்துரை செய்ய ஒரு கமிஷன் வேண்டும், அவ்வளவே. அந்த 40 ஏக்கரின் நினைவாக 40 என்ற எண் தாங்கிய இந்த மசோதாவை ஜான் கானியர்ஸ் முதலில் கொண்டுவந்தது 1989-இல். பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழு அதை ஏற்று அனுப்பியது 2021 ஏப்ரலில். சபையின் முழு வாக்கெடுப்புக்கு அது இதுவரை ஒருமுறைகூட வரவில்லை.