பெருங்காற்றிற் கூடாரம்

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலே கடலூர், சிதம்பரம் பகுதிகளில் முகாமிட விரும்பும் மாணவ நண்பர் முதற்கண் அறிய வேண்டுவது யாதெனின், கூடாரத்தைக் காப்பது கித்தானுமன்று, கம்பமுமன்று. முளை இறங்கிய மண்ணே என்பதாம்.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும். அது பக்கத்தில் மோதுவதோடு நில்லாது, கூரைமேல் விரைந்து செல்லுங்கால் அதனை மேல்நோக்கியும் இழுக்கும். சுவரின் அடிவழியே உட்புகுந்தால் உள்ளிருந்தும் உந்தும். ஆதலின் சுவரின் அடிவிளிம்பை உட்புறம் மடித்து, மண்ணிட்டு அழுத்துதல் வேண்டும்.

தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணலிற் சாதாரண முளை எளிதிற் பிடுங்கிக்கொள்ளும். அங்கே சாக்கில் மணல் நிரப்பி, நடுவே கயிறு கட்டி, இரண்டடி ஆழத்திற் புதைக்க வேண்டும். சாக்கு இல்லையேல் சவுக்குக் கட்டையைக் குறுக்காகப் புதைக்கலாம். சவுக்குக்கு அப்பக்கம் பஞ்சமில்லை.

சிதம்பரத்துக் கழனி மண்ணோ ஆளை ஏமாற்றுவது. உலர்ந்தபோது கல்லை ஒக்கும், நனைந்தபின் களியாகும். ஒருமுறை அங்கே கொட்டாப்புளியின் அடிக்கு முளை இறங்க மறுத்தது கண்டு, இவ்வளவு உறுதி போதுமென மகிழ்ந்து, பாதியளவில் நிறுத்திவிட்டோம். நள்ளிரவு மழையில் வடபுறத்து முளைகள் யாவும் சேற்றினின்று வழுவின. கம்பம் உறங்கிக்கொண்டிருந்த தோழரொருவரின் தோளில் வீழ்ந்தது. பிழை எம்முடையதே. அதுமுதல், முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்புறம் சாயும்படி முழுதும் அடித்து, அதன் பின்னே இரண்டாவது முளையும் இறக்கி, முதல் முளையின் தலையை இரண்டாவதன் அடியோடு பிணைத்து வருகிறோம்.

பருத்திக் கயிறு நனைந்தாற் குறுகி முளையை இழுக்கும். மழைக்கு முன் சற்றே தளர்த்துக. நைலான் கயிறு நனைந்தால் நெகிழும். சோம்பலின்றி எழுந்து இறுக்குக.

கூடாரத்தின் குறுகிய பக்கம் காற்றை நோக்கியிருத்தல் நன்று. ஆயினும் புயலுக்குத் திசை ஒன்றன்று. அதன் நடுவிடம் கீழைக்கடலிலிருந்து நம்மை நோக்கி வருங்கால் காற்று வடக்கினின்று வீசும். கடந்து சென்றபின் தெற்கினின்று வீசும். ஆகவே நாற்புறமும் ஒப்பக் கட்டுதல் வேண்டும்.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன. அத்தகைய காற்றிற்கு எக்கட்டும் போதாது. துறைமுகத்திற் புயற்கூண்டு ஏற்றப்பட்ட செய்தி எட்டியவுடன், பொழுதிருக்கையிலேயே கூடாரத்தைப் பிரித்து உறுதியான கட்டடத்திற்குச் செல்க. பிரிக்குங்கால் காற்று செல்லும் புறத்துக் கயிறுகளை முதலில் அவிழ்த்து, காற்று வரும் புறத்துக் கயிறுகளை இறுதிவரை விட்டுவைக்க வேண்டும்.