தரங்கம்பாடிக் கிறித்தவக் கல்வி மரபில் இல்லமும் பள்ளியும்

முன்னுரை

குழந்தையின் சமயக் கல்விக்கு முதற்பொறுப்பு பெற்றோருடையதா, பள்ளியினுடையதா என்னும் வினா சீர்திருத்தக் கிறித்தவத்தின் தொடக்கத்திலேயே எழுந்தது. 18ஆம் நூற்றாண்டில் அவ்வினா தரங்கம்பாடியில் தமிழ்ச் சூழலை எதிர்கொண்டது. இல்லத்திற்கென எழுதப்பெற்ற நூலொன்று அங்குப் பள்ளிநூலாகியதையும் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

லூத்தரின் நிலைப்பாடு

பள்ளிகளை நிறுவிக் காப்பது நகரமன்றத்தாரின் கடமை என மார்ட்டின் லூத்தர் 1524இல் செருமானிய நகரங்களுக்கு எழுதிய மடலில் வலியுறுத்தினார். கற்பிக்கும் திறனும் ஓய்வும் பெற்றோர் பலருக்கு இல்லை என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. எனினும், 1529இல் வெளியிட்ட ஞானோபதேசச் சிறுநூலின் பகுதித் தலைப்புகளில், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டிய முறை இது என்று குறித்தார். வினா-விடையாக அமைந்த அந்நூலில் காலை, மாலை, உணவு வேளைகளுக்கான மன்றாட்டுகளும் உண்டு. எனவே, அவர் கருத்தில் பள்ளி இல்லத்திற்குத் துணையேயன்றி மாற்றன்று.

தரங்கம்பாடியில் நேர்ந்த மாற்றம்

1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறாருடன் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். அடுத்த ஆண்டே அங்கு மறைப்பணிப் பள்ளி தோன்றியது. பெண் குழந்தைகளும் கல்வி பெற்றனர். லூத்தரின் சிறுநூலையும் அவர் தமிழாக்கினார். மதம் மாறிய முதல் தலைமுறையில் பெற்றோரே புதிய சமயத்தை அப்போதுதான் கற்கத் தொடங்கியிருந்தனர். ஆதலின், குடும்பத் தலைவருக்குரிய இடத்தை ஆசிரியரும் உபதேசியாரும் ஏற்றனர். உணவும் உறைவிடமும் தந்து பிள்ளைகளைப் பேணிய பள்ளிமுறை இம்மாற்றத்தை மேலும் உறுதிப்படுத்தியது.

இங்கு ஒரு முரண் புலப்படுகிறது. சீகன்பால்கு 1708இல் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றைச் செருமானியத்தில் பெயர்த்தார். தாய் தந்தையரின் உயர்வைத் தொடக்கத்திலேயே கூறுவது கொன்றைவேந்தன். பெற்றோரைக் கனம்பண்ணுதல் லூத்தரின் சிறுநூலிலும் ஒரு கட்டளை. இரு மரபும் ஒன்றுபடும் இவ்வறத்தைக் கற்பித்த உறைவிடப் பள்ளியோ, பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தே கற்பித்தது.

இல்லம் திரும்பிய கல்வி

பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) இளமையிலேயே தந்தையின் இசைவுடன் சுவார்ட்சு ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர். வீட்டைப் பிரிந்து பயின்ற இவர் பின்னர்க் கீர்த்தனை, குறவஞ்சி ஆகிய தமிழ் வடிவங்களில் சமய உண்மைகளைப் பாடினார். மனப்பாட விடைக்குக் கற்பிப்பவரும் கேட்பவரும் வேண்டும்; பாடலையோ எழுத்தறியாத் தாயும் பிள்ளைக்குப் பாடிக் காட்டலாம். வீட்டு வழிபாட்டிலும் பாடப்பெற்ற அவர்தம் கீர்த்தனைகள், பள்ளி ஏற்றிருந்த பொறுப்பின் ஒரு பகுதியை இல்லத்திற்கு மீட்டளித்தன எனக் கொள்ளலாம்.

முடிவுரை

தரங்கம்பாடிப் பள்ளிகள் எழுத்தறிவை விரிவாக்கின. ஆயின், இல்லத்தின் ஆசிரியப் பொறுப்பைத் தாமே ஏற்றன. அப்பொறுப்பு இல்லத்திற்குத் திரும்ப மொழிபெயர்ப்பு மட்டும் போதவில்லை. தமிழர் வீட்டில் வழங்கிய இசை வடிவமும் தேவைப்பட்டது. கிறித்தவக் கல்வி வரலாற்றைப் பள்ளி ஆவணங்களைக்கொண்டு மட்டும் எழுதினால் இப்பகுதி விடுபட்டுப்போகும். கீர்த்தனை இலக்கியத்தையும் கல்விச் சான்றாகக் கொள்வது இன்றியமையாதது.