கணினி விளையாட்டிற் காட்சித் தடை: காரணமும் பரிகாரமும்

காரணமின்றிக் காரியமில்லை என்பது தருக்க நூலார் யாவர்க்கும் ஒப்ப முடிந்த துணிபு. ஆயினும், ஒரு காரியத்திற்குக் காரணம் பலவாதல் கூடும் என்பதனை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். விளக்கு மங்கி எரியுமாயின் எண்ணெய் குறைந்திருக்கலாம், திரி கருகியிருக்கலாம், சிம்னியிற் புகை படிந்திருக்கலாம். இம்மூன்றனுள் ஒன்றையேனும் நோக்காது புது விளக்கு வாங்க ஓடுவோனைக் கண்டு உலகம் நகைக்கும். இக்கால இளைஞர் பலர் தம் கணினியின்பால் இங்ஙனமே நடந்துகொள்கின்றனர். அவ்வழக்கத்தால் ஓர் எளிய குடும்பத்திற்கு நேரவிருந்த வீண்செலவை யாம் நேரிற் கண்டமையின், அதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

செக் நாட்டுப் பிராக் நகரத்து எஸ்.சி.எஸ். சாப்ட்வேர் என்னும் நிறுவனத்தார் 2012-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ என்னும் விளையாட்டை வெளியிட்டனர். ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டிச் சரக்கை உரிய இடத்திற் சேர்ப்பதே அதன் பொருள். ஆயின், விளையாடுவோர் புதிய வண்டிகளையும் சாலைகளையும் ஒலிகளையும் தாமே ஆக்கிச் சேர்த்துக்கொள்ளவும் அஃது இடந்தருகின்றது. இங்ஙனம் சேர்க்கப்படுவனவற்றை ‘மாட்’ என வழங்குவர். இவ்வாயிலாக, ஐரோப்பிய லாரி நின்ற இடத்தில் அசோக் லேலண்டுப் பேருந்து வந்து நின்றது. அரசுப் போக்குவரத்துக் கழக வண்டியின் நிறமும், ஊர்ப்பெயர்ப் பலகையும், ஏர்ஹாரன் முழக்கமும் உடன்வந்தன. தாம் நாள்தோறும் நெருக்குண்டு நின்று செல்லும் பேருந்தைத் திரையிலே தாமே ஓட்டுதலில் நம் இளைஞர்க்கு உண்டாகும் உவகை சொல்லுந்தரத்ததன்று.

தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில், சேலத்திற்கும் சோலார்பேட்டைக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதையின்மேல், சேர்வராயன் மலைக்கு அணித்தாய் அமைந்த ஊர் பொம்மிடி. சென்ற கோடை விடுமுறையில் அவ்வூரிலே எம் நண்பரொருவர் இல்லத்திற் சில நாள் தங்கினோம். நண்பரின் தந்தையார் தேநீர்க்கடை நடத்துபவர். மேல்நிலை வகுப்பிற் பயிலும் தம்பியிடம் பழைய மேசைக் கணினியொன்று உண்டு. அதில் மேற்கூறிய விளையாட்டை நாற்பது மாட்களோடு அவன் ஆடிவந்தான். பேருந்து நிலையத்தினின்று வண்டி புறப்பட்டவுடன் காட்சி தடைப்பட்டுத் தடைப்பட்டு நகரும். வளைவிலே கைப்பிடியைத் திருப்பினால் வண்டி திரும்புமுன் தடுப்புச்சுவரில் மோதிவிடும். “அண்ணா, புதுக் கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் சரியாகுமாம். 18,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அப்பா சீட்டுப் பணத்தை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்” என்று அவன் கூறினான். அச்சீட்டுப் பணம் அவன் தமக்கையின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று சேர்க்கப்பட்டது என்பதனைப் பின்னரே அறிந்தோம். ஆகவே, கார்டு வாங்குமுன் ஒருநாள் எமக்குத் தரும்படி அவனைக் கேட்டுக்கொண்டோம்.

முதற்கண், நோய் இன்னதென்று வரையறுத்தல் வேண்டும். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் திரையில் மாறுகின்றன. அவை முன்னரே எடுத்துவைக்கப்பட்டவை. விளையாட்டிலோ, ஒவ்வொரு படத்தையும் கணினி அவ்வப்போதே வரைதல் வேண்டும். வினாடிக்கு 60 படங்கள் வேண்டின், ஒரு படத்திற்குக் கிடைப்பது வினாடியின் ஆயிரத்தில் ஏறக்குறைய 17 பங்கு நேரமே. 30 போதுமெனின் 33 பங்கு கிடைக்கும். இனி, எப்பொழுதும் ஒரே சீராக மந்தமாயிருத்தல் ஒரு நோய். நன்கு ஓடிக்கொண்டிருக்கையில் இடையிடையே திடுமென நின்று தொடர்தல் மற்றொரு நோய். இவ்விரண்டிற்கும் காரணம் பெரும்பாலும் வேறாதலின், பரிகாரமும் வேறாம்.

அடுத்து, படம் வரையும் தொழிலில் ஈடுபடுவோர் யாவர் என்பதனை அறிதல் வேண்டும். கலியாண வீட்டுச் சமையலறையை நினைமின். காய் நறுக்குவோர் நறுக்கிக் கொடுத்தாலன்றிச் சமையற்காரர் எத்துணை விரைவினராயினும் அடுப்பிலேற்ற இயலாது. கணினியில் எந்த வண்டி எங்கே நிற்கின்றது, எதனை வரைதல் வேண்டும் என்று கணக்கிட்டுப் பணிப்பது பிராசஸர். அப்பணிப்பின்வழி வரைந்து வண்ணந்தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. வேண்டும் பொருள்களைக் கிடங்கினின்று எடுத்துத்தருவது டிஸ்க். எடுத்தவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கும் பலகை ராம். கார்டிற்கென்று தனிப்பலகையும் உண்டு, அதனை வீராம் என்பர். நறுக்குவோரால் தாமதம் நேர்ந்தால் சமையற்காரர் கைகட்டி நிற்பர். அப்போது இரண்டாவது சமையற்காரரை அழைத்துவருதலாற் பயன் யாது? ஆகவே, தாமதம் யாரால் என்பதே முதல் வினா.

அவ்வினாவை எழுப்புமுன் புறக்காரணங்களை நீக்கிக்கொள்ளுதல் நன்று. மடிக்கணினியாயின் மின்னிணைப்போடு ஆடுதல் வேண்டும். பாட்டரியில் மட்டும் ஓடுங்காற் பல கணினிகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். இருவகைக் கிராபிக்ஸ் உடையதாயின், வலிமை மிக்கதனையே விளையாட்டிற்கென விண்டோஸ் அமைப்பிற் குறித்தல் வேண்டும். மேசைக் கணினியாயின், திரையின் கம்பி கார்டிற் செருகப்பட்டுள்ளதா, அன்றி மதர்போர்டிற் செருகப்பட்டுள்ளதா என்று நோக்குக. பின்னையதாயின் கார்டு இருந்தும் பயன்படாமற் போதல் கூடும். தனிக் கார்டு இல்லாத கணினியிற் காட்சிக்கும் ராமே பயன்படுதலின், ஒரு ராம் பலகையினும் இணையான இரு பலகைகள் பெரிதும் உதவும். விசிறியிலே தூசி அடைந்தாற் சூடு மிகும். சூடு மிகின் பிராசஸரும் கார்டும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். ஆட்டந் தொடங்கிப் பத்து நிமிடம் நன்றாயிருந்து பின்னர் மந்தமாதல் இதற்கு அடையாளம். தம்பியின் கணினியில் தூசி இருந்தது, துடைத்தோம். சூடு தணிந்ததேயன்றிக் காட்சித் தடை நீங்கவில்லை.

இனி உட்காரணம் நாடும் முறை. முதற் சோதனை, மாட் ஒன்றுமின்றி ஆடிப்பார்த்தல். பழைய ஆட்டத்தினின்று, சிறப்பாக வரைபட மாட்களை, நீக்கினால் அவ்வாட்டமே கெடுதலும் உண்டு. ஆதலின், ஆவணக் கோப்புறையிலுள்ள ‘புரொபைல்ஸ்’ பகுதியைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, புதியதொரு புரொபைல் தொடங்கிச் சோதித்தல் வேண்டும். ‘வி-சிங்க்’ என்னும் கட்டுப்பாட்டைச் சோதனையளவில் நீக்குதலும் வேண்டும். அது படங்களின் எண்ணிக்கையைத் திரையின் வேகத்தோடு பிணிப்பதாகலின் உண்மையை மறைக்கும். ஸ்டீம் தரும் எண்காட்டியை வைத்து யாம் பார்த்தபோது, மாட் இல்லாத ஆட்டத்தில் வினாடிக்கு 50 படங்களுக்குக் குறையவில்லை. நாற்பது மாட்களும் சேர்ந்தவிடத்து 18-க்கு இறங்கிற்று. எனவே கணினி நோயற்றது, நோய் சேர்க்கப்பட்டவற்றின்கண் உள்ளது என்பது பெறப்பட்டது.

இரண்டாஞ் சோதனை, தாமதம் யாரால் என்றறிதல். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தின் டாஸ்க் மேனேஜர் தோன்றும். கிராபிக்ஸ் கார்டின் உழைப்பு நூற்றுக்கு நூறை அணுகினால் தாமதம் கார்டினால். அஃது அரைகுறையாய் நிற்பின் வேறிடத்தில் நாடுக. ஈண்டு மயக்கமொன்று உண்டு. நான்கு கருக்களுள்ள பிராசஸரில் ஒரு கரு முழுதும் உழைத்து மூன்று வாளாவிருப்பின் மொத்தக் கணக்கு 25 சதவீதமெனவே காட்டும். ஆகவே, கருக்களைத் தனித்தனியே காட்டும்படி செய்து நோக்கல் வேண்டும். இதனை உறுதிசெய்ய எளிய வழி, விளையாட்டின் அமைப்பிலுள்ள ‘ஸ்கேலிங்’ அளவைக் குறைத்துப் பார்த்தல். குறைத்தவுடன் வேகம் ஏறினால் குற்றம் கார்டின்மேற்று. ஏறாதாயிற் கார்டு குற்றமற்றது. தம்பியின் கணினியில் ஸ்கேலிங்கைப் பாதியாக்கியும் எண் 18-லேயே நின்றது. கார்டு பாதி உழைப்போடு வாளாவிருக்க, பிராசஸரின் ஒரு கரு மட்டும் முழுதும் உழைத்துக்கொண்டிருந்தது. 18,000 ரூபாய் கொடுத்து வேறு கார்டு வாங்கியிருப்பின், அதுவும் அவ்விடத்திலேயே கைகட்டி நின்றிருக்கும்.

கார்டே குற்றமுடையதாயிற் செய்யத்தக்கவும் உண்டு. 1920க்கு 1080 என்னும் திரையில் ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகள். ஸ்கேலிங்கை 400 சதவீதமாக்கின் அவை நான்மடங்காம். ஆதலின் முதலில் அதனைக் குறைத்தல் வேண்டும். நிழலின் தரமும் கண்ணாடியின் தரமும் அடுத்துக் குறைக்கத்தக்கன. பேருந்தின் ஒவ்வொரு கண்ணாடிக்கும் பின்புறக் காட்சியை மீண்டுமொருமுறை வரைதல் வேண்டுமாதலின்.

இடையிடையே நின்று தொடரும் நோய்க்கு வீராம் நிரம்புதல் ஒரு காரணம். 4096க்கு 4096 அளவுள்ள ஒரு மேற்பூச்சுப் படம் சுருக்கப்படாதிருப்பின் 64 மெகாபைட் இடங்கொள்ளும். அதனையே 2048 அளவாக்கினால் 16 மெகாபைட் போதும். இருக்கையின் திருகாணிக்கும் பெரும்படம் ஒட்டப்பெற்ற பேருந்து மாட்கள் உள்ளன. அத்தகைய வண்டி பத்து ஒருங்கே எதிர்ப்படின் 2 ஜிகாபைட் வீராம் என்னாகும் என்பதனைப் படிப்போரே கணக்கிட்டுக்கொள்க.

மூன்றாஞ் சோதனை, குற்றமுடைய மாட்டைத் தேர்ந்தெடுத்தல். ஒவ்வொன்றாக நீக்கிப்பார்ப்பின் நாற்பது முறை வேண்டும். பாதியை நீக்கிப் பாதியை வைத்துப் பார்த்தால், 40 இருபதாகி, இருபது பத்தாகி, பின் ஐந்து, மூன்று, இரண்டு, ஒன்று எனச் சுருங்கும். குற்றமுடையது ஒன்றேயாயின் ஆறு சோதனையில் அகப்படும். ஒன்றையொன்று சார்ந்த மாட்களைப் பிரித்தலாகாது. இரு பாதியும் மந்தமாயின் குற்றவாளி இருவர் என்றறிந்து, ஒவ்வொரு பாதியையும் தனித்தாராய்க. விளையாட்டுத் தானே எழுதிவைக்கும் ‘கேம் லாக்’ என்னும் குறிப்பேடும் பெருந்துணை. பிழையுற்ற மாட்டின் பெயர் அதிற் பன்முறை வரும். பட்டியலில் மேலே நிற்கும் மாட் கீழுள்ளதனை அடக்கும் என்பதனையும் நினைவிற் கொள்க. வரிசை பிறழ்ந்தாலும் பிழை உண்டாம்.

மாலைக்குள் குற்றவாளி இருவரையும் கண்டோம். சாலைநெரிசலை மிகுவிக்கும் மாட்கள் இரண்டினைத் தம்பி ஒருங்கே வைத்திருந்தான். நூற்றுக்கணக்கான வண்டிகளின் போக்கைப் பிராசஸர் ஓயாது கணக்கிடவேண்டியிருந்தது. மற்றொன்று, விளையாட்டின் பழம்பதிப்பிற்கென ஆக்கப்பட்ட பேருந்து; அதனை ஓட்டும் நேரமெல்லாம் குறிப்பேட்டிற் பிழைவரிகள் ஓயாது நிரம்பின. முன்னதில் ஒன்றை நீக்குதல் எளிதாயிற்று. பின்னதை விடுதல் அவனுக்கு எளிதாயில்லை. ‘பொம்மிடி – தருமபுரி’ என்னும் பலகையை அவன் தானே பல இரவு இருந்து எழுதியது அவ்வண்டிக்கே. ஒருகால் அமைதியாயிருந்து, பின்னர்த் தானே அதனை நீக்கினான். எண் 40-க்கு ஏறிற்று. இப்பொழுது வேறொரு பேருந்திற்கு அப்பலகையை முதலிலிருந்து எழுதிவருகின்றான்.

புதுக் கருவி வாங்குதலே தவறென்பது எம் கருத்தன்று. எல்லா அமைப்பையும் குறைத்தும் கார்டு நூறு சதவீதம் உழைத்து மூச்சு வாங்குமாயின், வேறு கார்டு வாங்குதலே முறை. ஆனால் அத்தீர்ப்புச் சோதனைக்குப் பின் வருவதாக. நோயையும் நோயின் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து என்பது வள்ளுவனார் மருத்துவர்க்கு வகுத்த நெறி. கோபுரங் கட்டப்புகுவோன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுதல் வேண்டும் என்பது நம் ஆண்டவர் அருளிய உவமையின் பொருள். இவ்விரண்டும் விளையாட்டிற்கும் பொருந்தும். ஏனெனில் விளையாடுவோன் மகனாயினும், செலவைத் தாங்குவோர் பெற்றோரும் உடன்பிறந்தாருமேயாவர்.

சூன் மாதத்திற் சீட்டுப் பணம் வந்தது. தமக்கையின் கல்லூரிக் கட்டணத்திற்கே சென்றது.