விளிம்பில் ஒரு பெயர்

பெங்களூர் அல்சூரில் ஒரு வீடு. பரண் மேல் ஒரு பழைய தகரப் பெட்டி. பாட்டி அதை இறக்கித் திறந்தார். உள்ளே சாயம் போன காக்கிச் சட்டை இருந்தது. துருப்பிடித்த பயோனெட் கத்தி ஒன்றும், நாடாவோடு ஒரு வட்டப் பதக்கமும் இருந்தன.

"வெள்ளிதான் கண்ணு. எடைக்குப் போட்டால் உன் பீஸுக்கு ஆகும்" என்றார் பாட்டி. புளி போட்டுத் தேய்க்கப் போனார்.

"தேய்க்காதீங்க பாட்டி! விளிம்பில் ஏதோ எழுத்து இருக்கு" என்றாள் பேத்தி.

அது ஆங்கில எழுத்து. அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதலில் ஓர் எண். பிறகு 'சேப்பர்' என்ற பதவி. அடுத்து ஒரு பெயர். அது பாட்டியின் தாத்தா பெயர்! கடைசியில் படையின் பெயர் சுருக்கமாக இருந்தது. பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை.

பதக்கத்தின் ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரை மேல் ஒரு வீரன். கூடவே 1914, 1918 என்ற ஆண்டுகள். நாடாவின் நடுவில் ஆரஞ்சு நிறம். இப்படி இருந்தால் அது முதல் உலகப் போர்ப் பதக்கம். படைவீரருக்கு அதை வெள்ளியில் கொடுத்தார்கள். தொழிலாளர் படையில் மண் வெட்டப் போனவர்களுக்கு வெண்கலம்தான். அவர்கள் பட்ட பாடு மட்டும் குறைவா?

இரண்டாம் உலகப் போரில் சுமார் 25 லட்சம் இந்தியர் படையில் இருந்தனர். பர்மா முனையில் போரிட்டவர்களுக்கு ஆறு முனை நட்சத்திரம் கிடைத்தது. இந்தியப் படம் பொறித்த 1939-45 பதக்கமும் உண்டு. அது வெள்ளி போலத் தெரியும். ஆனால் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்.

பதக்கம் கிடைத்தால் முதலில் விளிம்பைப் பாருங்கள். தேய்க்கத் தேய்க்க எழுத்து மறையும். சிலர் பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் வெட்டி விற்பார்கள். அராவிய விளிம்பு மெலிந்திருக்கும். உடுப்பு இருந்தால் துவைக்க வேண்டாம். பொத்தானிலும் தோள்பட்டைப் பித்தளையிலும் படையின் சின்னம் இருக்கலாம்.

பயோனெட், வாள் ஆகியவை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வருகின்றன. உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது. வீட்டில் வைத்திருக்க உரிமம் வேண்டுமா என்பது ஊருக்கு ஊர் மாறும். காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 100 ஆண்டுப் பழமையான பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

மெட்ராஸ் சேப்பர்ஸ் படையின் தலைமையிடம் பெங்களூரில்தான் இருக்கிறது. அங்கே அருங்காட்சியகமும் உண்டு. முதல் உலகப் போரில் அந்தப் படையினர் மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், பணியாற்றினர்.

"எங்க தாத்தா கடல் தாண்டிப் போனார்னு அம்மா சொல்லுவாங்க. நான் நம்பினதே இல்லை" என்றார் பாட்டி.

பீஸுக்குச் சீட்டுப் பணத்தை எடுத்தார். பிறகு ஒரு தாளில் தாத்தாவின் பெயரைத் தமிழில் தானே எழுதினார். அவர் எழுதப் பழகி ஓர் ஆண்டுதான் ஆகிறது. தாளைப் பதக்கத்தோடு பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்.