பழி ஐஎஸ்ஓ மேல்

நம்பிக்கை: ஐஎஸ்ஓ-வைக் கூட்டினால் நாய்ஸ் வரும்

கல்யாண மண்டபத்தில் படம் எடுக்கும் பலர் 1600-ஐத் தாண்டவே தயங்குவார்கள். தாண்டினால் படமெங்கும் புள்ளி புள்ளியாகிவிடுமாம். புள்ளி வருவது நிஜம்தான், குற்றவாளிதான் வேறு.

வெளிச்சம் சென்சாரில் ஒரே சீராக விழுவதில்லை. முற்றத்துத் தூறல் மாதிரி, ஒரு கட்டத்தில் கூடுதலாகவும் பக்கத்துக் கட்டத்தில் குறைவாகவும் விழும். சராசரியாக 10,000 ஃபோட்டான் விழும் பிக்சலில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 100. நூற்றில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. விழுவதே 100 ஃபோட்டான் என்றால் ஏற்ற இறக்கம் 10, பத்தில் ஒரு பங்கு. மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டில் தெரிகிற புள்ளி பெரும்பாலும் இதுதான். ஆட்டோ மோடில் ஐஎஸ்ஓ எண்ணை ஏற்றும்போது கேமரா பெரும்பாலும் ஷட்டர் வேகத்தையும் ஏற்றிவிடுகிறது. அதனால்தான் வெளிச்சம் குறைகிறது.

சந்தேகமிருந்தால் மேனுவல் மோடில், ரா ஃபைலாக, எஃப் 2.8, 1/125 நொடி என்று வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓ 200-இல் ஒரு படமும் 3200-இல் ஒரு படமும் எடுத்துப் பாருங்கள். முதல் படம் இருட்டாக வரும். கம்ப்யூட்டரில் அதை 4 ஸ்டாப் ஏற்றினால் இரண்டிலும் நாய்ஸ் ஏறக்குறைய ஒன்றுதான். பல கேமராக்களில், பழையவற்றில் குறிப்பாக, 200-இல் எடுத்ததே மோசமாக இருக்கும், நிழலில் கோடுகூட விழும். சிக்னலை வாசிக்கும் மின்சுற்றின் இரைச்சலும் சேர்ந்து ஏறிவிடுவதே காரணம்.

ஆகவே அசைவு தாங்குமட்டும் ஷட்டரை இறக்கி, லென்ஸைத் திறந்துவிட்டு, மீதிக்கு ஐஎஸ்ஓ-வை ஏற்றலாம். பட்டு வேட்டியின் வெள்ளை வெளுத்துப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஐஎஸ்ஓ-வால் வரும் உண்மையான நஷ்டம் அங்கேதான்.

நம்பிக்கை: லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாவற்றையும் துடைத்துவிடும்

30 நொடி படம் எடுத்தால், கேமரா ஷட்டரை மூடி இன்னொரு 30 நொடி எடுத்து, அதை முதல் படத்திலிருந்து கழிக்கிறது, அவ்வளவே. சூட்டில் பளிச்சிடும் ஹாட் பிக்சல்கள் போகும். ஃபோட்டான் குறைவால் வந்த புள்ளி போகாது. நட்சத்திரத் தடம் எடுப்பவர்கள் ஆஃப் செய்துவிடலாம், இல்லாவிட்டால் தடம் விட்டு விட்டு வரும்.

நம்பிக்கை: மொபைலின் நைட் மோடு ஏதோ மாயம்

கணக்குதான். 2018-இல் கூகுளின் பிக்சல் போன்களுக்கு வந்த நைட் சைட் 15 ஃப்ரேம் வரை எடுத்து ஒன்றாக்கியது. 16 படங்களைச் சராசரி எடுத்தால் நாய்ஸ் கால் பங்காகும். ட்ரைபாடும் அசையாத பொருளும் இருந்தால் இதை எந்தக் கேமராவிலும் செய்யலாம். ஆடும் குழந்தையிடம் பலிக்காது.

நம்பிக்கை: ஏஐ டினாய்ஸ் தொலைந்ததை மீட்டுத் தரும்

தராது, ஊகித்து வரையும். அதன் ஊகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் தூரத்தில் நிற்கும் சின்ன முகத்தை மெழுகாக்கிவிடும், ஜரிகையில் இல்லாத இழையைப் போட்டுவிடும். சிவப்பும் பச்சையுமாகத் தெரியும் நிறப் புள்ளிகளைத் தாராளமாக நீக்குங்கள். வெளிச்சப் புள்ளியில் கொஞ்சம் விட்டுவைப்பேன் நான். திரையில் 100 சதவீதத்தில் உறுத்துவது ஆல்பத்தில் அச்சாகும்போது பெரும்பாலும் தெரிவதில்லை.