ஆகஸ்டு 20: கொசு நாள் உணர்த்தும் பாடம்

விஞ்ஞான வரலாற்றில் இடம்பெற்ற சில நாட்கள் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றன. பள்ளிகளில் அறிஞர்களின் படங்கள் வைக்கப்படுகின்றன, சொற்பொழிவுகள் நிகழ்கின்றன. ஆயினும், ஒரு கண்டுபிடிப்பின் தேதி அது கைகூடிய நாளை மட்டுமே குறிக்கும். அதற்கு முன் நிகழ்ந்த முயற்சியையும், அதன் பின் எஞ்சி நிற்கும் கடமையையும் அறிந்தால்தான் அந்நாளைக் கொண்டாடுவதில் பயன் உண்டு. உலகக் கொசு நாளாகப் போற்றப்படும் ஆகஸ்டு 20 இதற்குத் தக்க சான்றாகும். 1897ஆம் ஆண்டு அந்நாளில்தான், மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை டாக்டர் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டார்.

முன் நடந்தவை

மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் ‘கெட்ட காற்று’ என்பது பொருள். சதுப்பு நிலத்தினின்றும் எழும் நச்சுக் காற்றே இக்காய்ச்சலுக்குக் காரணம் என்று மக்கள் நெடுங்காலம் நம்பினர். 1880 நவம்பர் 6 அன்று அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவெரான், நோயாளி ஒருவரின் இரத்தத்தில் உயிருள்ள கிருமிகளைக் கண்டார். காரணம் தெரிந்தது, ஆனால் அக்கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எவ்வாறு செல்கிறது என்பது விளங்கவில்லை.

யானைக்கால் நோய்க்குக் காரணமான புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877இல் சீனாவில் கண்டறிந்தவர் பாட்ரிக் மான்சன். மலேரியாவிலும் கொசுவுக்குப் பங்கு உண்டு என்று அவர் கருதினார். 1894இல் லண்டனில் அவரைச் சந்தித்த ராஸ், அக்கருத்தைச் சோதித்து அறியும் பணியை மேற்கொண்டார். ராஸ் 1857இல் அல்மோராவில் பிறந்தவர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர். கொசு நீரில் விழுந்து மடிகிறது, அந்நீரைப் பருகுவோருக்கு நோய் வருகிறது என்பது மான்சனின் ஊகம். கொசுவைப் பற்றி அவர் கருதியது சரி. நோய் பரவும் வழியைப் பற்றி அவர் கருதியது தவறு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது சோதனையே.

இரண்டு ஆண்டுகள் ராஸ் நூற்றுக்கணக்கான கொசுக்களை அறுத்துப் பார்த்தார், ஒன்றும் கிட்டவில்லை. அவர் ஆராய்ந்தவை பெரும்பாலும் க்யூலெக்ஸ், ஈடிஸ் இனத்தைச் சேர்ந்தவை. மனிதரின் மலேரியாவை அவை பரப்புவதில்லை. 1897இல் விடுமுறையில் நீலகிரிப் பகுதிக்குச் சென்றபோது அவரே மலேரியாவுக்கு உள்ளானார். இறக்கையில் புள்ளிகள் கொண்ட வேறொரு வகைக் கொசுவின் மீது அவர் கவனம் திரும்பியது அப்பொழுதுதான். அதுவே அனாபிலிஸ் இனம்.

அந்த ஐந்து நாட்கள்

ஆகஸ்டு மாத நடுவில், இத்தகைய கொசுக்களின் புழுக்களை அவருடைய உதவியாளர்கள் சேகரித்து வந்தனர். புழுக்களிலிருந்து கொசுக்கள் வெளிவந்தன. 16ஆம் தேதி, மலேரியா நோயாளி ஒருவரின் சம்மதத்துடன் பத்துக் கொசுக்கள் அவரைக் கடிக்க விடப்பட்டன. கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் அவருக்குக் கூலி தரப்பட்டது. அடுத்து வந்த நாட்களில் கொசுக்கள் ஒவ்வொன்றாக அறுத்துப் பார்க்கப்பட்டன.

கடும் புழுக்கத்திலும் விசிறி போட வழியில்லை. போட்டால் அறுத்து வைத்த கொசுவின் உறுப்புகள் பறந்துவிடும். நுண்பெருக்கியின் திருகுகள் வியர்வையால் துருவேறின. 20ஆம் தேதி, எஞ்சியிருந்த இரு கொசுக்களில் ஒன்றின் இரைப்பைச் சுவரில் வட்டமான சில அணுவறைகள் தென்பட்டன. அவற்றினுள் கருநிறத் துகள்கள் இருந்தன. லாவெரான் கண்ட கிருமியில் காணப்படும் துகள்களை அவை ஒத்திருந்தன.

மறுநாள் கடைசிக் கொசுவும் அறுக்கப்பட்டது. அதிலும் அதே அணுவறைகள் இருந்தன; ஆனால் அவை அளவில் பெரியவையாக இருந்தன. ஒரு நாளில் வளர்ந்த பொருள் உயிருள்ள பொருளாகத்தான் இருக்க வேண்டும். 20ஆம் தேதியின் காட்சிக்கு 21ஆம் தேதியின் ஒப்பீடே வலிமை தந்தது. நாள்தோறும் குறிப்பு எழுதிவைக்கும் பழக்கம் இல்லாதிருந்தால் இவ்வொப்பீடு இயன்றிராது.

விரைவிலேயே ராஸ் இராஜபுதனத்துக்கு மாற்றப்பட்டார், பணி தடைப்பட்டது. 1898இல் கல்கத்தாவில் பறவைகளைத் தாக்கும் மலேரியாவை ஆராய்ந்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும், கடிக்கும்போது நலமுள்ள பறவைக்குச் செல்வதையும் நிலைநாட்டினார். அதே ஆண்டில் இத்தாலியில் கிராசி, பிக்னாமி, பாஸ்டியானெல்லி ஆகியோர் மனிதருக்கு மலேரியாவைத் தருவது அனாபிலிஸ் கொசுவே என்று மெய்ப்பித்தனர். 1902இல் ராஸுக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

தேதிக்குப் பின்

கண்டுபிடிப்பு நிகழ்ந்தவுடன் நோய் ஒழிந்துவிடவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1947இல், இந்தியாவில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேர் மலேரியாவுக்கு உள்ளாயினர் என்றும், 8 லட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது; 1958இல் அது ஒழிப்புத் திட்டமாயிற்று. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் கண்டவர்களின் இரத்த மாதிரியை எடுத்தனர். 1965இல் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1 லட்சமாகக் குறைந்தது.

நோய் மறைந்தது என்ற எண்ணத்தில் கண்காணிப்புத் தளர்ந்தது. கொசுக்கள் டி.டி.டி.யைத் தாங்கும் ஆற்றலைப் பெற்றன. மருந்தின் வரத்தும் குறைந்தது. 1976இல் நோயாளிகளின் எண்ணிக்கை 64 லட்சமாக உயர்ந்தது. 1977இல் திட்டம் திருத்தி அமைக்கப்பட்டது. நோய் அருகியிருக்கும் காலத்தில்தான் கண்காணிப்பு மிகுதியும் வேண்டும் என்பதே அப்பதினோர் ஆண்டுகள் கற்பித்த பாடம். 2030க்குள் மலேரியாவை நாட்டினின்றும் அகற்றுவது என்ற குறிக்கோள் 2016இல் வகுக்கப்பட்டபோது, இப்பாடம் முன்னிலும் முக்கியமாயிற்று.

வகுப்பறையிலும் களத்திலும்

ஆசிரியர்கள் இந்நாளைச் சொற்பொழிவோடு முடித்துவிடாமல், சிறு சோதனை ஒன்றினால் விளக்கலாம். தேங்கிய நீரிலுள்ள கொசுப் புழுக்களைக் கண்ணாடிக் குவளை ஒன்றில் எடுத்து, அதன் வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டவேண்டும். அனாபிலிஸ் புழு நீரின் மேற்பரப்பில் படுத்தாற்போல் கிடக்கும். க்யூலெக்ஸ் புழு தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். எந்நாளில் என்ன மாற்றம் நிகழ்ந்தது என்பதை மாணவர் குறித்துவர வேண்டும். புழு கூட்டுப்புழுவானதும் நீரைக் காய்ந்த மண்ணில் கொட்டிவிட வேண்டும்.

வெப்பமான பருவத்தில் முட்டையிலிருந்து கொசு வெளிவர ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். தொட்டிகளையும் பாத்திரங்களையும் வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்து உலர்த்த வேண்டும் என்று களப் பணியாளர் கூறுவதன் காரணம் இதுவே. நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டெபன்சி கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளர்வது; மூடி பொருந்தாத ஒரு தொட்டியே அதற்குப் போதும். காய்ச்சல் கண்டவரின் இரத்தத்தை உடனே சோதித்துச் சிகிச்சையை முழுமையாக அளிப்பதும் இன்றியமையாதது. கொசுவின் உடலில் கிருமி முதிர்ச்சியடையப் பெரும்பாலும் பத்து நாட்களுக்கு மேல் ஆகும். கொசு கடிக்குமுன் நோயாளியின் இரத்தம் கிருமியற்றதாகிவிட்டால், தொடர் அங்கேயே அறுந்துவிடும்.

ஆகஸ்டு 20 அன்று கிராமத்தில் ஒரு தொட்டியேனும் மூடப்பட்டு, காய்ச்சல் கண்ட ஒருவரேனும் சோதனைக்கு அழைத்துவரப்பட்டால், அந்நாள் தக்க முறையில் நினைவுகூரப்பட்டதாகும்.