ஊதினால் பத்தாயிரம், அவ்வளவுதானா?

சனிக்கிழமை இரவு பேரிகார்டு போட்டு ஊதச் சொல்லும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் மூன்று வசனங்கள் தவறாமல் காதில் விழும். "ஒரு பீர்தான் சார்." "வீடு இதோ, அடுத்த தெரு சார்." "ஃபைன் எவ்வளவுன்னு சொல்லுங்க சார், கட்டிடறேன்." முதல் இரண்டும் கெஞ்சல். மூன்றாவது வசனத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கு ஒரு விலை உண்டு, அதைக் கட்டினால் கணக்கு முடிந்தது என்ற நம்பிக்கை. அதைச் சுற்றி இன்னும் பல கதைகள் உலவுகின்றன.

"கொஞ்சமாகக் குடித்தால் கொஞ்சம் தண்டனை"

சில வெளிநாடுகளில் ரத்தத்தில் ஆல்கஹால் ஏற ஏறத் தண்டனையும் படிப்படியாக ஏறும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவில் அப்படிப் படிகள் கிடையாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். 31 இருந்தாலும் 231 இருந்தாலும் பிரிவு ஒன்றே. முதல் தடவை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தண்டனையை ஏற்றுகிறவை வேறு: முன்பும் மாட்டியிருக்கிறீர்களா, யாருக்கு என்ன ஆனது, அதன் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்.

சரி, 30 மில்லிகிராம் என்பது எவ்வளவு? 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண், 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றைக் குடித்தாலே ஏறக்குறைய 50க்குப் போய்விடுவார். "ஒரு பீர்தான் சார்" என்பது ஒப்புதல் வாக்குமூலம், அவ்வளவுதான். 42.8 சதவீதச் சரக்கில் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி உள்ளே போனால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். அளவு 120ஐத் தாண்டும். உடம்பு அதைக் கரைக்கும் வேகம் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம். இரவு 11 மணிக்கு முடித்தவர் விடிகாலை ஐந்து மணிக்கு ஊரிலிருந்து வரும் அம்மாவை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியை எடுத்தால், தூங்கி எழுந்த தெளிவோடேயே 30க்கு மேல் இருக்கக்கூடும். எடை, வயது, சாப்பாடு, ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு கூடும் குறையும். குளிப்பதாலோ கறுப்புக் காபியாலோ எலுமிச்சைச் சாற்றாலோ ஒரு நிமிடம்கூடக் குறையாது.

"வெற்றிலை போட்டால் மெஷினுக்குத் தெரியாது"

வெற்றிலை, ஏலக்காய், மின்ட், வெங்காயம் எல்லாம் பக்கத்தில் நிற்பவர் மூக்கை ஏமாற்றும். கருவிக்கு மணம் தேவையில்லை. ரத்தத்திலிருந்து நுரையீரலுக்கு ஆவியாக வரும் ஆல்கஹாலைத்தான் அது அளக்கிறது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷைக் கொப்பளித்துவிட்டு வந்து ஊதினால் சில நிமிடங்களுக்கு அளவு கூடுதலாகவே காட்டலாம்.

"ஸ்பாட்டிலேயே கட்டிவிடலாம்"

ஹெல்மெட் போடாததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். அந்த இடத்திலேயே பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களைச் சட்டத்தின் 200ஆவது பிரிவு பட்டியலிடுகிறது. 185 அதில் இல்லை. காவலர் மொழியில் 'டிடி கேஸ்' ஆன எதுவும் மாஜிஸ்திரேட்டிடம் போயாக வேண்டும். 2019 திருத்தத்துக்கு முன் அபராதம் '2,000 ரூபாய் வரை' என்றிருந்தது. கெஞ்சினால் குறைக்க நீதிமன்றத்துக்கு இடமிருந்தது. இப்போதைய வாசகத்தில் 'வரை' இல்லை. 10,000 என்றால் 10,000. மறுபடி மாட்டினால் 15,000. சிறை இரண்டு ஆண்டு வரை.

பணத்தைவிடப் பெரிய அடி லைசென்ஸில் விழுகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. 185இல் குற்றவாளி என்று தீர்ப்பானால் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஓட்டும் தகுதியை நீதிமன்றம் பறிக்க வேண்டும் என்கிறது 20ஆவது பிரிவு. இது போக, போலீஸ் பிடுங்கி அனுப்பும் லைசென்ஸை விசாரித்து முதல் தடவை மூன்று மாதம் முடக்கவும், இரண்டாம் தடவை ஒரேயடியாக ரத்து செய்யவும் ஆர்.டி.ஓ.வுக்கு அதிகாரம் உண்டு. கால் டாக்ஸி ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவருக்கு 10,000 ரூபாய் ஒரு மாதத்துக் கஷ்டம். ஆறு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றால் வீட்டு வாடகைக்கு எங்கே போவார்?

"ஊத மறுத்தால் ஆதாரமே இருக்காது"

நண்பர்கள் வட்டத்தில் 'லா பாயிண்ட்' பேசுகிறவர் ஒருவர் இருப்பார். இது அவருடைய யோசனை. மறுக்கலாம். குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் உங்களை வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம் என்கிறது 203ஆவது பிரிவு. கைதான இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் விடுவிக்க வேண்டும் என்ற பாதுகாப்பும் உங்களுக்கு உண்டு. ஆனால் தக்க காரணமில்லாமல் மூச்சையோ ரத்தத்தையோ தர மறுத்தால், அந்த மறுப்பையே அரசுத் தரப்புக்கு வலுச்சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்பது 205. மௌனம் இங்கே உங்களுக்கு எதிராகப் பேசும்.

இன்சூரன்ஸிலும் இதே கதைதான். 2007இல் டெல்லியில் நொறுங்கிய ஒரு போர்ஷே காருக்கான இழப்பீட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஓட்டியவருக்கு மூச்சுச் சோதனையும் இல்லை, ரத்தச் சோதனையும் இல்லை. ஆனாலும் மற்றச் சூழ்நிலைகளைக் கொண்டு அவர் போதையில் இருந்தார் என்று முடிவுக்கு வரலாம் என 2021இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. காருக்குப் பணம் கிடைக்கவில்லை.

"போதையில் தெரியாமல் நடந்துவிட்டது"

நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் இந்த வாக்கியத்துக்கு இன்னமும் மரியாதை உண்டு. 'குடியில் செய்தது, பாவம் விடுங்க' என்பார்கள். நீதிமன்றத்தில் அது செல்லாது. தானாகக் குடித்தவரை, குடிக்காமல் இருந்தால் அவருக்கு என்ன தெரிந்திருக்குமோ அது தெரிந்தவராகவே கருத வேண்டும் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 24ஆவது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் 86ஆவது பிரிவாக இது இருந்தது.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மும்பை வழக்கு ஒன்று உண்டு. 2006 நவம்பர் 12, விடிகாலை. பாந்த்ராவின் கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கார் அவர்கள் மீது ஏறியது. ஏழு பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயமடைந்தார்கள். ஓட்டிய அலிஸ்டர் பெரைராவின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 112 மில்லிகிராம் ஆல்கஹால். விசாரணை நீதிமன்றம் இதைக் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று பார்த்து ஆறு மாதச் சிறை கொடுத்தது. ஏழு உயிருக்கு ஆறு மாதம்! மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் பிரிவையே மாற்றி, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று மூன்று ஆண்டாக்கியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்தத் தண்டனையே போதாது, அரசு மேல்முறையீடு செய்யாததால் கூட்டவில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் போக்கு.

185இல் கண்டுகொள்ளப்படாத அந்த எண், 112, இங்கே வந்து முக்கியமாகிவிட்டது. இவ்வளவு குடித்துவிட்டு இந்த வேகத்தில் போனால் ஆள் சாகலாம் என்று அவருக்குத் தெரிந்தே இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அது ஒரு தூணாக நின்றது. இன்றைய சட்டத்தில் கவனக்குறைவால் மரணம் என்றால், 106ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை. மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே செய்தது என்றால், 105ஆவது பிரிவின்படி பத்து ஆண்டு வரை. குடித்து ஓட்டி நேர்ந்த ஒவ்வொரு மரணமும் தானாக 105க்குப் போய்விடாது. வேகம், இடம், நேரம் என எல்லாவற்றையும் நீதிமன்றம் எடைபோடும்.

"நிற்காமல் போய்விட்டால் தப்பிக்கலாம்"

1999 ஜனவரியில் டெல்லி லோதி காலனியில் ஒரு பி.எம்.டபிள்யூ. மோதி, மூன்று காவலர்கள் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். கார் நிற்கவில்லை. சாலையில் அது சிந்திக்கொண்டே போன எண்ணெய்த் தடத்தைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ், கோல்ஃப் லிங்க்ஸில் ஒரு வீட்டில் அதைக் கண்டுபிடித்தது. அங்கே காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும் போலீசுக்குத் தகவல் தருவதும் ஓட்டுநரின் சட்டக் கடமை. தவறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 187ஆவது பிரிவில் தனித் தண்டனை உண்டு. டிடி கேஸோடு அதுவும் சேரும்.

"பையன் ஓட்டினால் பெற்றோருக்கு என்ன?"

2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். அவனுடைய ரத்த மாதிரியை மாற்றிவைத்ததாக எழுந்த புகாரில் அரசு மருத்துவர்களே கைதானார்கள். 18 வயதாகாதவர் கையில் வண்டி போனால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும், பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இதற்குக் குடித்திருக்கவே தேவையில்லை. குடித்தும் இருந்தால் அது வேறு வழக்கு.

"போலீஸ்காரர் குடித்து ஓட்டினால் யார் கேட்பது?"

யார் கேட்கிறார்கள் என்பது தனிக் கேள்வி. இந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் அதிகாரம் உள்ளவரே குற்றம் செய்தால் தண்டனை இரண்டு மடங்கு என்று 210பி பிரிவு எழுதி வைத்திருக்கிறது. இந்தப் பிரிவில் எத்தனை வழக்குகள் போடப்பட்டன என்று அரசு வருடா வருடம் வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

"நான் பின்னால்தானே உட்கார்ந்திருந்தேன்"

குடித்து ஓட்டத் துணைபோனவருக்கும் ஓட்டியவருக்குரிய அதே தண்டனை என்கிறது 188ஆவது பிரிவு. பில்லியனில் வருகிறவர்மீதும் இதில் வழக்குப் போடுவோம் என்று சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் 2022 அக்டோபரில் அறிவித்தது. வெறுமனே உட்கார்ந்திருந்ததே துணைபோனதாகுமா என்று வழக்கறிஞர் வாதாடலாம்; சாவியை எடுத்துக் கொடுத்து 'நீயே ஓட்டு மச்சான்' என்று சொன்னவருக்கு அந்த வாதமும் கைகொடுக்காது. வண்டி கிளம்பியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஓட்ட முயன்றாலே 185 வந்துவிடும். அதனால் நண்பர் சாவியைத் திருகுவதற்கு முன்பே அதை வாங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். திட்டினால் திட்டிக்கொள்ளட்டும், மறுநாள் மதியம் திருப்பிக் கொடுங்கள்.